காபி விவசாயிகள் சங்கத்துக்கு ஃபேர்டிரேட் சான்றிதழ்: விண்ணப்பத்துக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

கேள்வி: சிறு காபி விவசாயிகள் 140 பேர் சேர்ந்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்திருக்கிறோம். நான் அதன் செயலாளர். ஆளுக்கு அரை ஹெக்டேரிலிருந்து இரண்டு ஹெக்டேர் வரை நிலம். அராபிகாவும், ஊடுபயிராக மிளகும். உறுப்பினர்களிடம் பழத்தை வாங்கி, சங்கத்தின் பல்ப்பரில் தோல் நீக்கி, காயவைத்து, பார்ச்மென்ட்டாக, அதாவது உமி நீக்காத கொட்டையாக, ஏற்றுமதியாளருக்கு விற்கிறோம். ஃபேர்டிரேட் (நியாய வணிகம்) சான்றிதழ் இருந்தால் விலை கூடும் என்கிறார்கள். ஓர் ஆலோசகர், எல்லாத் தாள்களையும் அவரே எழுதி மூன்று மாதத்தில் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பெரிய தொகை கேட்கிறார். எங்கள் சங்கத்தில் பெரிய தோட்டக்காரர் ஒருவரும் உண்டு; அவர் தன் தோட்டத்துக்கு மட்டும் தனியாக வாங்க முடியுமா என்று கேட்கிறார். எங்கே தொடங்குவது, கையில் என்ன மிஞ்சும், நாங்களே வறுத்து அரைத்து விற்கும் பாக்கெட்டில் அந்த முத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்:

விண்ணப்பப் படிவத்தைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வையுங்கள். முதல் வேலை, வாங்குபவரைத் தேடுவது. சான்றிதழ் உங்களுக்குத் தருவது ஃபேர்டிரேட் நிபந்தனையில் விற்கும் உரிமையை மட்டும்தான். அதைக் காட்டி யாரையும் வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. சான்றிதழ் பெற்ற சங்கங்களில் பல, விளைச்சலில் ஒரு பகுதியைத்தான் ஃபேர்டிரேட்டாக விற்கின்றன. மீதி சாதாரணச் சரக்காகச் சாதாரண விலைக்குப் போகிறது. ஆனால் சான்றிதழ்க் கட்டணம், தணிக்கைக்கான உழைப்பு, பதிவேடுகள் எல்லாம் மொத்தச் சங்கத்துக்கும் சேர்த்துத்தான்.

இப்போது உங்களிடம் வாங்கும் ஏற்றுமதியாளரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். அவரிடம் ஃபேர்டிரேட் வணிகர் சான்றிதழ் இருக்கிறதா? ஆண்டுக்குக் குறைந்தது ஒரு கன்டெய்னராவது அந்த நிபந்தனையில் எடுக்கும் இறக்குமதியாளர் அவர் கைவசம் உண்டா? முதல் கேள்வியை யாரும் கேட்பதில்லை. சரக்கு பாக்கெட்டில் அடைபடும் வரை அதை வாங்கி உரிமையாக்கிக்கொள்ளும் ஒவ்வொரு கையும் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. நடுவில் ஒரு வியாபாரி சான்றிதழ் இல்லாமல் இருந்தால், அவருக்கு அப்பால் உங்கள் காபி ஃபேர்டிரேட் காபி இல்லை. கூலிக்குப் பதப்படுத்தித் தருபவர் சரக்கை விலைக்கு வாங்குவதில்லை என்பதால் அவருக்குத் தனிச் சான்றிதழ் தேவைப்படாது; ஆனால் அவரோடு எழுத்து ஒப்பந்தம் வேண்டும், தணிக்கையாளர் அங்கேயும் போய்ப் பார்க்கலாம். வாங்குவதாக ஒரு கடிதமாவது கைக்கு வந்தபின் அடுத்த வேலைக்குப் போங்கள்.

எந்தச் சான்றிதழ் என்பதையும் அந்த இறக்குமதியாளர்தான் தீர்மானிப்பார். நியாய வணிகம் என்ற பெயரில் பல அமைப்புகள் சான்றளிக்கின்றன. நீலமும் பச்சையும் கலந்த முத்திரை, ஜெர்மனியின் பான் நகரில் உள்ள ஃபேர்டிரேட் இன்டர்நேஷனல் அமைப்புடையது. 1997-இல் தொடங்கப்பட்டது அது. விதிகளை எழுதுவதும் குறைந்தபட்ச விலையை நிர்ணயிப்பதும் அதன் வேலை. தணிக்கை செய்து சான்றளிப்பது ஃப்ளோசெர்ட் என்னும் தனி நிறுவனம். ஃபேர் டிரேட் யுஎஸ்ஏ 2011-இன் இறுதியில் இவர்களிடமிருந்து பிரிந்துபோய்த் தனி விதிகளோடு நடக்கிறது. ஈகோசெர்ட் நடத்தும் ஃபேர் ஃபார் லைஃப் உண்டு. லத்தீன் அமெரிக்கச் சிறு விவசாயிகளின் அமைப்புகளே உருவாக்கிய எஸ்பிபி முத்திரை உண்டு. உலக நியாய வணிக அமைப்பு ஒரு விளைபொருளைப் பார்ப்பதில்லை, ஒரு நிறுவனம் முழுவதும் எப்படி நடக்கிறது என்று பார்க்கிறது. ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் என்னும் சான்றிதழ் அமைப்பை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அதன் விதிகள் வேறு நோக்கம் கொண்டவை. வாங்குபவர் ஒன்றைக் கேட்க, நீங்கள் இன்னொன்றை வாங்கி வைத்தால் அந்தச் செலவு வீண். கீழே சொல்வதெல்லாம் ஃபேர்டிரேட் இன்டர்நேஷனல் முறையைப் பற்றியது.

பெரிய தோட்டக்காரருக்கான பதில்: காபிக்கு, இந்த முறையில், தனித் தோட்டமாக வாங்க முடியாது. தேயிலை, வாழை, பூ போன்றவற்றுக்குக் கூலித் தொழிலாளர் தோட்டங்களுக்கென்றே தனி விதித்தொகுப்பு உண்டு. அதில் பிரீமியத் தொகை, அதாவது விலைக்கு மேல் தனியாக வரும் தொகை, முதலாளிக்குப் போகாது; தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் குழுவின் பொறுப்பில் இருக்கும். காபி சிறு உற்பத்தியாளர் சங்கங்களின் வழியாக மட்டும்தான். ஃபேர் டிரேட் யுஎஸ்ஏ பெரிய காபித் தோட்டங்களையும் ஏற்கிறது, பிரிவுக்கு முக்கியமான காரணமே அதுதான். அவருக்கு அமெரிக்கச் சந்தையில் ஆள் இருந்தால் அங்கே விசாரிக்கட்டும்.

அவர் உங்கள் சங்கத்தில் தொடரலாமா? தொடரலாம். உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் சிறு உற்பத்தியாளர்களாக இருக்க வேண்டும். உங்கள் சங்கத்தில் அதற்குப் பிரச்சினை இல்லை. காபியைப் பொறுத்தவரை, வயல் வேலையைப் பெரும்பாலும் தானும் குடும்பமும் செய்பவர், ஆண்டு முழுவதும் கூலியாள் வைக்காதவர்தான் சிறு உற்பத்தியாளர். அறுவடைக்கு மட்டும் பழம் பறிக்க ஆள் வைப்பதில் தவறில்லை. ஆனால் ஃபேர்டிரேட்டாக விற்கும் சரக்கின் பெரும்பகுதியும் சிறு உற்பத்தியாளர்களுடையதாகவே இருக்க வேண்டும். ஒரே ஆளின் தோட்டத்துக் காபியால் கன்டெய்னர் நிரம்பினால் சங்கத்தின் தகுதியே கேள்விக்குள்ளாகும். அவருக்கும் பொதுக்குழுவில் ஓர் ஓட்டுதான் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். பின்னால் பிரீமியத்தைப் பங்கிடும் பேச்சு வரும்போது சொன்னால் சண்டையாகும்.

இனிப் பணம். ஃபேர்டிரேட்டில் இரண்டு தொகைகள் வருகின்றன, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று குறைந்தபட்ச விலை. கழுவிய அராபிகாவுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் பவுண்டுக்கு 1.80 டாலர், இயற்கை வேளாண் சான்றிதழும் இருந்தால் அதற்கு மேல் 40 சென்ட். சந்தை விலை இதற்குக் கீழே போனால் வாங்குபவர் இந்த விலையைத் தர வேண்டும். மேலே இருந்தால் சந்தை விலையைத் தர வேண்டும். இரண்டாவது, பிரீமியம்: பவுண்டுக்கு 20 சென்ட். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் இது தனியாக வரும். அதில் 5 சென்ட்டையாவது விளைச்சலையும் தரத்தையும் கூட்டும் வேலைக்குச் செலவிட வேண்டும்.

குறைந்தபட்ச விலை என்பது எஃப்ஓபி விலை, அதாவது துறைமுகத்தில் கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் நிலையில் உள்ள விலை. பார்ச்மென்ட்டின் உமியை நீக்குவது, தரம் பிரிப்பது, சாக்கு, லாரி, ஏற்றுமதியாளரின் செலவு எல்லாம் அதற்குள்தான். நீங்கள் பார்ச்மென்ட்டாக விற்பதால், எந்தெந்தச் செலவு எவ்வளவு கழிக்கப்படுகிறது, பார்ச்மென்ட்டைப் பச்சைக்கொட்டைக் (உமி நீக்கிய, வறுக்காத கொட்டை) கணக்குக்கு எந்த விகிதத்தில் மாற்றுகிறார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் 1.80 என்ற எண் தாளில் இருக்கும், பணம் வேறு இடத்தில் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன்டெய்னரில் 60 கிலோ மூட்டை 320 ஏறும் என்று வைத்தால் 19,200 கிலோ, சுமார் 42,300 பவுண்டு. பிரீமியம் ஏறக்குறைய 8,460 டாலர். அதில் கால்பங்கு, சுமார் 2,115 டாலர், உற்பத்தி மேம்பாட்டுக்கு ஒதுங்கிவிடும். முழுத் தொகையையும் 140 பேருக்கு வகுத்தாலும் தலைக்கு 60 டாலர்தான். உங்கள் உறுப்பினர்களுக்குச் சராசரியாக ஒரு ஹெக்டேர், ஹெக்டேருக்கு 800 கிலோ பச்சைக்கொட்டை என்று கொண்டால் மொத்த விளைச்சல் 112 டன். ஒரு கன்டெய்னர் என்பது அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். எனவே ஒரே ஒரு கன்டெய்னரை நம்பிச் சான்றிதழுக்குப் போவது சரியா என்பது, ஃப்ளோசெர்ட் உங்களுக்குச் சொல்லும் ஆண்டுக் கட்டணத்தை இந்த 8,460-க்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு மூன்று கன்டெய்னர் போகும் வழி தெரிந்தால் கணக்கு மாறுகிறது.

சந்தை விலை 1.80-க்கு வெகுமேலே இருக்கும் காலத்தில் குறைந்தபட்ச விலைக்கு வேலையே இல்லை. பிரீமியம் மட்டும்தான் ஆதாயம். அந்த நேரத்தில்தான் சங்கங்கள் தடுமாறுகின்றன. வாசலுக்கே வந்து ரொக்கம் கொடுக்கும் வியாபாரியிடம் உறுப்பினர் பழத்தை ஊற்றிவிடுவார், சங்கம் ஒப்புக்கொண்ட கன்டெய்னர் நிறையாது. இதற்கு மருந்து முன்பணம். காபியில் உற்பத்தியாளர் கேட்டால், ஒப்பந்த மதிப்பில் 60 சதவீதம் வரை முன்நிதி தர வணிகர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது விதி. மேலே சொன்ன கன்டெய்னருக்குக் குறைந்தபட்ச விலையிலேயே அது சுமார் 45,700 டாலர். வட்டி உண்டு, ஆனால் அறுவடைக் காலத்தில் பழத்துக்கு உடனே பணம் கொடுக்க முடிகிறதா இல்லையா என்பதில்தான் சங்கம் நிற்பதும் விழுவதும் இருக்கிறது. விதி இருக்கிறது என்று தெரியாமலே பல சங்கங்கள் கேட்பதில்லை.

கணக்கு ஒத்துவந்தால், சங்கத்தின் உள்வேலையைத் தொடங்குங்கள். ஆலோசகரின் மூன்று மாதக் கணக்கு உதைப்பது இங்கேதான். தணிக்கையாளர் முதலில் பார்ப்பது செடியை இல்லை, உறுப்பினர் பதிவேட்டை. பெயர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, தொடர்பு விவரம், சேர்ந்த தேதி, மொத்த நிலம், காபி உள்ள நிலம், அது இருக்கும் இடம், எதிர்பார்க்கும் விளைச்சல். 140 பேரின் விவரத்தையும் வீட்டுக்கு வீடு போய்த்தான் சேர்க்க வேண்டும். பழைய சந்தா நோட்டைப் பார்த்து நகலெடுத்தால், இறந்தவர் பெயர், நிலத்தை விற்றவர் பெயர், அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் எழுதிய ஒரே நிலம் எல்லாம் அப்படியே வந்து சேரும். நிலத்தில் வேலை செய்வது மனைவியாகவும் உறுப்பினர் கணவராகவும் இருக்கும் வீடுகளையும் அப்போதே கவனியுங்கள். பெண்களை உறுப்பினராக விடாத துணைவிதி ஏதாவது இருந்தால் தணிக்கையில் கட்டாயம் கேள்வி வரும்.

நிலத்தை அளப்பதில் சோம்பல் வேண்டாம். போன் ஜிபிஎஸ் போதும். ஐரோப்பாவுக்குப் போகும் காபிக்கு, 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடு அழித்த நிலத்தில் விளைந்ததில்லை என்று காட்ட வேண்டும் என அங்கே ஒரு சட்டம் இயற்றியிருக்கிறார்கள். அதற்கும் இதே இடப்புள்ளிகள் வேண்டும். நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்துக்கு ஒரு புள்ளி போதாது, எல்லை முழுவதையும் சுற்றி எடுக்க வேண்டும். உங்கள் பெரிய தோட்டக்காரருக்கு அது தேவைப்படும்.

அடுத்தது பழம் வாங்கும் ரசீது. தணிக்கையில் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஃபேர்டிரேட்டாக விற்கும் சரக்கு முழுவதும் உறுப்பினர் நிலத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும். உறுப்பினரல்லாதவரின் பழத்தைச் சங்கம் வாங்கக் கூடாது என்றில்லை. ஆனால் அது தனியாக நிற்க வேண்டும். தொட்டி வேறு அல்லது நாள் வேறு, காயவைக்கும் களம் வேறு, மூட்டையில் அடையாளம் வேறு.

தணிக்கையாளர் கணக்கை எப்படிச் சோதிப்பார்? பதிவேட்டில் ஓர் உறுப்பினருக்கு 0.4 ஹெக்டேர் காபி. அந்தப் பகுதியில் ஹெக்டேருக்கு 800 கிலோ பச்சைக்கொட்டை வருகிறது. அப்படியானால் அவருக்கு 320 கிலோ வரலாம். ஒரு கிலோ பச்சைக்கொட்டைக்கு ஏறக்குறைய ஆறு கிலோ பழம் என்று பிடித்தால் 1,920 கிலோ பழம். நல்ல ஆண்டு, நல்ல தோட்டம் என்று இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் ரசீது கட்டில் அவர் பெயரில் 6,000 கிலோ இருக்கிறது! பக்கத்து நிலத்துக்காரர் பழத்தை இவர் பெயரில் ஊற்றியிருக்கிறார், எடைபோட்ட பையன் கேட்கவில்லை. இந்த ஒரு பெயர் போதும், மொத்தக் கொள்முதலையும் குடைவதற்கு. இதைத் தவிர்க்க, பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் எதிர்பார்க்கும் பழ அளவை எழுதி, அந்தப் பட்டியலின் ஒரு நகலை எடைமேடையிலேயே வையுங்கள். அளவைத் தாண்டினால் அன்றே நிலத்துக்குப் போய்ப் பார்த்து, காரணத்தை எழுதி வைக்க வேண்டும்.

அதே கணக்கு சங்கத்தின் மட்டத்திலும் நடக்கும். வாங்கிய பழம், கிடைத்த பார்ச்மென்ட், உமி நீக்கியபின் பச்சைக்கொட்டை, விற்றது, கையிருப்பு: ஐந்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். நூறு கிலோ பழத்துக்கு எத்தனை கிலோ பார்ச்மென்ட் என்று உங்கள் பல்ப்பரிலேயே சில முறை எடைபோட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். புத்தகத்தில் பார்த்த விகிதத்தை விட உங்கள் எடைச் சீட்டுக்குத்தான் மதிப்பு. ரசீதில் உறுப்பினர் எண், தேதி, எடை, விலை, இருவர் கையெழுத்து. ஒரு பிரதி விவசாயியிடம் இருக்க வேண்டும். தணிக்கையாளர் சங்கத்தில் பார்த்ததை வீட்டில் போய் ஒத்துப் பார்ப்பார்.

சங்கம் ஜனநாயகமாக நடக்கிறதா என்பதற்குச் சாட்சி தீர்மானப் புத்தகம். ஆண்டுக்கு ஒரு பொதுக்குழுவாவது கூட வேண்டும்; ஆண்டறிக்கை, கணக்கு, வரவுசெலவுத் திட்டம் அங்கே வைக்கப்பட்டு ஒப்புதல் பெற வேண்டும்; வந்தவர்களின் கையெழுத்துப் பட்டியல் இருக்க வேண்டும். ஒரே பேனாவில், ஒரே நாளில், மூன்று ஆண்டுத் தீர்மானங்களை எழுதி வைத்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். அதைவிட, "முன்பு முறையாக நடக்கவில்லை, இந்த ஆண்டு முதல் நடத்துகிறோம்" என்று நடந்ததைக் காட்டுவது எவ்வளவோ நல்லது. பிரீமியத்தை எதற்குச் செலவிடுவது என்பதும் பொதுக்குழுவின் முடிவு. அதற்கு ஃபேர்டிரேட் வளர்ச்சித் திட்டம் என்று ஒரு தாள்: என்ன வேலை, ஏன், எப்போதுக்குள், யார் பொறுப்பு, எவ்வளவு செலவு. இரண்டு பக்கம் போதும். பிரீமியக் கணக்கு மற்ற வரவோடு கலக்காமல் தனியாகத் தெரிய வேண்டும். நிர்வாகக் குழு தானாக முடிவெடுத்து லாரி வாங்கிவிட்டு, பிறகு பொதுக்குழுவில் கைதட்டல் வாங்குவது தணிக்கையில் செல்லாது.

நிலத்தில் பார்ப்பவை. தடைசெய்த பூச்சிமருந்துகளுக்குச் சிவப்புப் பட்டியல் ஒன்று உண்டு, ஆரஞ்சுப் பட்டியலில் உள்ளவற்றை நிபந்தனையோடுதான் பயன்படுத்த முடியும், மஞ்சள் எச்சரிக்கைக்கு. காய்த்துளைப்பான் வண்டுக்கு ஒரு காலத்தில் எல்லோரும் அடித்த எண்டோசல்ஃபான் சிவப்பு. மருந்து புழக்கத்தில் இல்லாவிட்டாலும் பழைய டப்பா கொட்டகை மூலையில் கிடக்கும். தணிக்கையாளர் கொட்டகையைத் திறந்து பார்ப்பார். ஒவ்வொரு உறுப்பினர் வீட்டிலும் என்ன மருந்து இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். காலி டப்பாவில் தண்ணீரோ எண்ணெயோ வைக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர், கர்ப்பிணி, பாலூட்டும் தாய் ஆகியோர் மருந்தைக் கையாளவே கூடாது. வீடு, ஆட்கள் வேலை செய்யும் கிடங்கு போன்றவற்றுக்குப் பத்து மீட்டருக்குள், நடுவில் தடுப்பு இல்லாமல், தெளிக்கக் கூடாது. மரபணு மாற்றிய விதைக்கும் கன்றுக்கும் இடமில்லை.

பல்ப்பர் கழிவுநீர் உங்களுக்குத் தனித் தலைவலி. சளிப்பசையோடு வரும் அந்த நீர் புளித்து, ஓடையில் கலந்தால் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி மீனைக் கொன்றுவிடும். குழாய் நேரே ஓடைக்குப் போகிறது என்றால், விண்ணப்பத்துக்கு முன் குறைந்தபட்சம் தோலை வடிகட்டிப் பிரிக்கும் சல்லடையும், நீர் தேங்கித் தெளியும் குழிகளும் வெட்டிவிடுங்கள். பழத்தோல் உரக்குழிக்குப் போகட்டும்.

குழந்தைகள் விஷயத்தில் விதி தெளிவானது: 15 வயதுக்குக் கீழே கூலிக்கு வைக்கக் கூடாது, 18-க்குக் கீழே ஆபத்தான வேலை கூடாது. சொந்தப் பிள்ளைகள் பள்ளி நேரத்துக்குப் பிறகு, வயதுக்கேற்ற சிறு வேலையில், பெரியவர் கண்காணிப்பில் உதவுவதற்குத் தடையில்லை. பழம் பறிக்க வரும் குடும்பங்கள் பிள்ளைகளோடு வருவது வழக்கம். அந்த நாட்களில் பிள்ளைகளை எங்கே விடுவது என்பதற்குச் சங்கத்திடம் ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும். ஏற்பாடு இல்லாத சங்கம் தணிக்கை நாளில் எல்லாப் பிள்ளைகளையும் வீட்டில் இருக்கச் சொல்லும். பறிப்பவர்களிடம் தனியாகப் பேசும்போது அது வெளிவந்துவிடும்.

இவ்வளவும் ஓரளவு நின்றபின் விண்ணப்பம். ஃப்ளோசெர்ட் இணையதளத்தில் படிவம் இருக்கிறது. சங்கத்தின் அமைப்பு, உறுப்பினர் எண்ணிக்கை, விளைபொருள், பதப்படுத்தும் இடங்கள் ஆகியவற்றைக் கேட்பார்கள். கட்டணமும் இவற்றைப் பொறுத்தே ஏறும், யூரோவில் வரும். அந்தத் தளத்திலேயே கட்டணத்தைக் கணக்கிட்டுப் பார்க்கும் வசதி உண்டு. பணம் கட்டுவதற்கு முன், உங்கள் நாடும் விளைபொருளும் வரம்புக்குள் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்கும் பயிற்சிக்கும் உற்பத்தியாளர் கூட்டமைப்புகளை அணுகலாம்: ஆசிய-பசிபிக்குக்கு என்ஏபிபி, ஆப்பிரிக்காவுக்கு ஃபேர்டிரேட் ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா-கரீபியனுக்கு சிஎல்ஏசி. ஆலோசகருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் தட்ட வேண்டிய கதவு இது.

விண்ணப்பம் ஏற்றதும் உங்களுக்கு ஓர் அடையாள எண் வரும், தணிக்கையாளர் நியமிக்கப்படுவார். முதல் தணிக்கையில் அவர் அலுவலகத் தாள்களைப் பார்ப்பார், நிர்வாகிகளிடமும் உறுப்பினர்களிடமும் கூலியாட்களிடமும் பேசுவார், சில நிலங்களுக்குப் போவார். எந்த நிலம் என்று அவர்தான் தேர்ந்தெடுப்பார். கடைசியில் நிறைவுக் கூட்டத்தில் குறைகளை வாசிப்பார். அங்கே வாதாடலாம், ஆவணம் காட்டலாம். ஆனால் சான்றிதழ் தருவதா என்று முடிவெடுப்பது அவரில்லை, அறிக்கையைப் படிக்கும் வேறொரு மதிப்பீட்டாளர். குறைகள் இருப்பது தோல்வி இல்லை. ஒவ்வொன்றையும் எப்படிச் சரிசெய்வீர்கள் என்று எழுதிக் கொடுத்து, கெடுவுக்குள் ஆதாரம் அனுப்ப வேண்டும். பெரிய குறை எதுவும் இல்லாவிட்டால் தற்காலிக விற்பனை அனுமதி வரும். குறைகள் எல்லாம் தீர்ந்தபின் சான்றிதழ். அனுமதி கைக்கு வரும்வரை எந்த ஒப்பந்தத்திலும் ஃபேர்டிரேட் என்று எழுதக் கூடாது. அனுமதி அறுவடை முடிந்து விற்றுத் தீர்ந்தபின் வந்தால் ஓராண்டு வீணாகும். ஆகவே பழம் பழுக்கும் காலத்திலிருந்து பின்னோக்கி எண்ணி விண்ணப்ப நாளைத் தீர்மானியுங்கள்.

எல்லா விதிகளும் முதல் நாளே பொருந்தாது. சில முதல் தணிக்கையிலேயே நிறைவேற வேண்டும். சில ஓராண்டு, மூன்றாண்டு, ஆறாண்டு கழித்து. வளர்ச்சி விதிகள் என்ற பகுதிக்கு மதிப்பெண் சராசரி உண்டு. விதித்தொகுப்பை அச்செடுத்து, முதல் தணிக்கைக்கு உரியதை மட்டும் முதலில் வண்ணக்கோடு போட்டுப் பிரித்துக்கொண்டால் மலைப்பு பாதியாகக் குறையும். சான்றிதழ்ச் சுழற்சி மூன்று ஆண்டு. நடுவிலும் தணிக்கை வரலாம், சொல்லாமலும் வரலாம்.

ஆலோசகரிடம் திரும்புவோம். பயிற்சி தர, படிவம் நிரப்ப, கணக்குமுறை அமைக்க உதவியாளர் தேவைப்படலாம்; அதற்குக் கூலி கொடுப்பதில் தவறில்லை. ஆனால் "வாங்கித் தருகிறேன்" என்ற உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது. சான்றளிக்கும் நிறுவனத்துக்குள் ஆள் இருக்கிறது என்று சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அவர் எழுதித் தரும் தாள்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வேறொரு சங்கத்துக்கு எழுதிய கொள்கையில் பெயரை மட்டும் மாற்றியிருப்பார். உங்களிடம் இல்லாத கிடங்கு மேற்பார்வையாளர் அதில் கையெழுத்திடுவார். தணிக்கையாளர் உறுப்பினரிடம் "பிரீமியம் என்றால் என்ன, யார் முடிவு செய்வது?" என்று கேட்பார். பத்துப் பேரில் எட்டுப் பேர் விழித்தால், அலமாரி நிறைய கோப்பு இருந்தும் பயனில்லை. விண்ணப்பம், ஒப்பந்தம், அடையாள எண், கணினி உள்நுழைவுச் சொல் எல்லாம் சங்கத்தின் பெயரிலும் சங்கத்தின் கையிலும் இருக்கட்டும். ஏற்றுமதியாளர் கட்டணத்தைக் கட்ட முன்வந்தாலும் இதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மிளகை முதல் ஆண்டு சேர்க்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இன்னொரு விளைபொருள் என்றால் இன்னொரு கட்டணம், இன்னொரு கொள்முதல் பதிவேடு, இன்னொரு வாங்குபவர். காபியில் கணக்கு பழகியபின் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பாக்கெட் விஷயம்: உற்பத்தியாளர் சான்றிதழை வைத்து வறுத்த பொடியின் பாக்கெட்டில் முத்திரையை அச்சடிக்க முடியாது. நுகர்வோருக்குப் போகும் பொட்டலத்தில் முத்திரை போட, பொருள் விற்கப்படும் நாட்டின் ஃபேர்டிரேட் அமைப்போடு, அப்படி ஒன்று இல்லையென்றால் ஃபேர்டிரேட் இன்டர்நேஷனலோடு, தனி உரிம ஒப்பந்தம் வேண்டும். பாக்கெட் வடிவமைப்பையும் அச்சுக்கு முன் அவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். வறுப்பதை வெளியே கொடுத்தால் அந்த இடமும் கணக்கில் வரும். இப்போது அச்சகத்தில் கொடுத்து வைத்திருந்தால் அந்த ஆர்டரை நிறுத்திவையுங்கள்.